'ஒன்றுமில்லை' என்ற பதில்: பதற்ற நோயும் கள்ளக்குறிச்சி அனுபவமும்

பதற்ற நோய் உள்ளவர் ஒரே கேள்வியைப் பல வடிவில் கேட்பார். "நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா, ஒண்ணும் ஆகாதுல்ல?" "ஒண்ணும் ஆகாது கண்ணு." சற்று நேரம் மனம் அடங்கும். பிறகு, "நீ சரியாத்தான் பாத்தியா?" இந்தச் சுழற்சியை உடல்நலப் பதற்றம் உள்ளவர்களிடம் ஆராய்ந்து சால்கோவ்ஸ்கிஸும் வார்விக்கும் 1986இல் எழுதினார்கள். பதில் தரும் உடனடி நிம்மதியே அடுத்த கேள்வியை வளர்க்கிறது. சந்தேகம் தானாகவே தணியும் என்று அறியும் வாய்ப்பு நோயாளிக்குக் கிடைப்பதில்லை. ஆகவே வீட்டாரும் மருத்துவரும் உறுதி கூறுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது நடத்தைச் சிகிச்சை. இந்த விதியைக் கள்ளக்குறிச்சிக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது என்பது என் வாதம்.

2024 ஜூன் 18 அன்று கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்களும் பிற பகுதிகளில் குடித்தவர்களுமாக 60 பேருக்கு மேல் இறந்தார்கள். மெத்தனாலின் கொடுமை அதன் தாமதத்தில் இருக்கிறது. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுவதற்கு நேரம் பிடிக்கும். 12 முதல் 24 மணி நேரம் வரை வெறும் போதை போலவே தோன்றும். அதன்பின் வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு. பார்வை நரம்பு பாதிக்கப்பட்டுக் கண் மங்கும். 'நல்லாத்தானே இருக்கே' என்று ஒருவரிடம் சொல்லக்கூடிய அந்த இடைவெளிதான் மருந்தாலும் ரத்தச் சுத்திகரிப்பாலும் அவரைக் காப்பாற்றக்கூடிய நேரம். முதல் மரணங்களுக்குச் சாராயம் காரணமல்ல என்று மாவட்ட நிர்வாகத் தரப்பில் விளக்கம் தரப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அதை நம்பிச் சிலர் சிகிச்சையைத் தள்ளிப்போட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

இப்படிப்பட்ட ஊரில் 'ஒன்றுமில்லை' என்ற சொல்லை நம்ப மறுப்பவரை நோயாளி என்று உடனே முத்திரை குத்துவது அநியாயம். எத்தனை முறை கேட்கிறார் என்ற கணக்கு இங்கே உதவாது. பதில் அந்தக் கேள்வியை என்ன செய்கிறது என்றே பார்க்க வேண்டும். கண் மங்குகிறது என்று பயந்து வருபவர், முறையாகச் சோதித்துக் காரணத்தையும் விளக்கினால் வீடு திரும்பி வேலையைப் பார்க்கிறார் என்றால் அவர் கேட்டது தகவல். அதே சோதனைக்குப் பிறகும் வேறு மருத்துவர், வேறு கருவி, வேறு ஊர் என்று கேள்வி மட்டும் மாறாமல் தொடர்ந்தால்தான் பதற்ற நோயின் வேலை அங்கே தொடங்குகிறது.

அதே மாவட்டத்தில் உள்ள கல்வராயன் மலையில் இந்தப் பிரிப்பு இன்னும் கடினம். மலைவாழ் மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தாமாக முன்வந்து வழக்கெடுத்தபோது சாலையும் போக்குவரத்தும் பேசுபொருளாயின. மருத்துவமனைக்கு இறங்கி வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவர், அருகில் உள்ளவரிடமும் சாமியிடமும் கேட்பது இயல்பு. நம் கிராமங்களில் பூக்கட்டிப் பார்ப்பார்கள்: வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலமாக மடித்துச் சந்நிதியில் வைத்து, விவரம் அறியாத குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். விடை பிடிக்கவில்லை என்று மறுபடி கட்டினால், "சாமியையே சோதிக்கிறியா?" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். விடையின் மருத்துவ மதிப்பு பற்றி நான் பேசவில்லை. கேட்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதைச் சிகிச்சையாளர் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. வழக்கத்திலேயே அது இருக்கிறது.

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 தொலைவைக் குறைக்கிறது. இரவெல்லாம் உறுதி கேட்க இன்னொரு கதவாகவும் அது ஆகிவிடலாம். எனவே எல்லாவற்றுக்கும் முன்னதாக நடக்க வேண்டியது, நோயாளி முழுதாக நம்பும்படி ஒரே ஒரு நல்ல பரிசோதனை. வீட்டார் அதன்பின் பதிலை மாற்றிக்கொள்ளலாம்: "அதுக்குப் பதில் சொல்லியாச்சு கண்ணு. பயமா இருக்குன்னு தெரியுது, நான் பக்கத்துலயே இருக்கேன்." மருத்துவர் ஓ.பி. சீட்டில் இரண்டு விஷயம் எழுதித் தர வேண்டும்: எந்த அறிகுறி வந்தால் நேரம் பார்க்காமல் 108ஐ அழைப்பது, எதுவுமே வராவிட்டாலும் அடுத்து எந்தத் தேதியில் வருவது.