எலிக்குட்டி சீக்கிரம் கண் திறந்த கதை



வெட்டுக்காயம் பட்டால் தோல் தானாகவே எப்படி மூடிக்கொள்கிறது? இதற்கு விடை தேடிய வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ரீட்டா லெவி-மோண்டால்சினி இத்தாலிய யூதப் பெண். முசோலினியின் 1938 இனச் சட்டங்களால் பல்கலைக்கழகப் பணியை இழந்தவர், வீட்டுப் படுக்கையறையிலேயே ஆய்வகம் அமைத்தார். பின்னர் அமெரிக்கா சென்று, நரம்பை வளரச் செய்யும் பொருள் ஒன்று உண்டு என்று கண்டார்.

1953இல் அவருடன் சேர்ந்தார் ஸ்டான்லி கோஹென், ஒரு தையல்காரரின் மகன். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி வழியே செலுத்தினார். சுமார் இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண்கள் ஒரே வாரத்தில் திறந்துகொண்டன! நரம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. வேறொருவர் என்றால் விட்டிருப்பார். கோஹென் துருவிப் பார்த்தார். சாற்றில் இருந்த இன்னொரு பொருள் மேல்தோலை வளர்ப்பது தெரிந்தது. அதுவே மேல்தோல் வளர்ச்சிக் காரணி. 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு.

காயம் பட்டதும் இரத்தத் தட்டணுக்கள் இத்தகைய காரணிகளை வெளியிட்டு வெள்ளணுக்களை அழைக்கின்றன. வெள்ளணுக்கள் கிருமிகளை அழிப்பதோடு, சைட்டோகைன் என்னும் மூலக்கூறுகளால் மற்ற செல்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. தோல் செல்கள் பெருகி, நகர்ந்து, காயத்தை மூடுகின்றன.

சர்க்கரை நோயில் இந்தச் செய்திப் போக்குவரத்து குலைகிறது. கால்புண் ஆறாமல் இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் பாதங்களைப் பாருங்கள். சிறு புண்ணென்று காபித்தூள் வைத்து நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சின்ன விஷயம்தானே என்று கோஹென் விடவில்லை, நீங்களும் விடாதீர்கள்.