நிரைக்கு வெளியே: புலாவ் செபாங் வட்டாரத் தோட்டத் தமிழரும் நிலவுரிமையும்

மலேசியத் தோட்டத் தமிழரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவர்களைக் கூலித் தொழிலாளராகவே காண்கின்றன. சம்பளம், சங்கம், வேலைநிறுத்தம் என்று பேச்சு அங்கேயே சுற்றுகிறது. அவர்கள் உழவரும்கூட என்பது பதிவுகளில் ஏறவில்லை. தோட்டச் சமூகம் பின்னாளில் சிதறியதற்கான காரணத்தை இந்த விடுபட்ட பக்கத்தில்தான் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

புலாவ் செபாங் மலாக்காவின் வட எல்லையில், நெகிரி செம்பிலானின் தம்பின் நகரை ஒட்டிக் கிடக்கும் சிற்றூர். தம்பின் ரயில் நிலையம் நிற்பதே இந்த ஊரில்தான். ஊர் அடங்கிய அலோர் காஜா மாவட்டத்தின் பெரும்பகுதி, 1832இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த பழைய நானிங் சிற்றரசு. இங்கே இரண்டு வகை நில ஒழுங்குகள் அருகருகே இருந்தன. ஒன்று, அடாட் பெர்பாத்தே மரபில் பெண்வழி இறங்கும் மலாய் வழக்காற்று நிலம். வயலும் வீடும் குடும்பத்தின் வசம் நின்றன. மற்றொன்று கம்பெனி நிலம். 1896இல் சீன வணிகர் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்து மலாக்கா முழுவதும் தோட்டங்கள் பரவின. கங்காணிகள் அழைத்துவந்த தமிழர் லயத்து வீடுகளில் குடியேறினர். அந்த வீட்டில் அவர்களுக்கு இருந்த உரிமை, பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கெடுப்பில், பெயர் இருக்கும்வரைதான்.

விடியுமுன் பெரட்டு, பிறகு நிரை எனப்படும் ரப்பர் மர வரிசை. உளியால் பட்டையைச் சீவி, மங்குக் கோப்பையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, தோளில் காண்டாக் கம்பில் சுமந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தால் பகல் வேலை முடியும். அதன்பின் தொடங்குவதுதான் நமக்கு முக்கியம். லயத்துக்குப் பின்னால் வெண்டை, கத்தரி, முருங்கை, கறிவேப்பிலை. ரப்பர் நிழலில் மேயும் பசுவும் ஆடும். கறந்த பாலை அக்கம்பக்கத்தில் விற்றுச் சேர்த்த காசு. கல்யாணச் செலவுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் கைகொடுத்தது பெரும்பாலும் மாடுதான். இதை நிர்வாகத்தின் கருணை என்று மட்டும் கொள்வது பிழை. குறைந்த கூலியில் குடும்பம் பிழைத்திருக்க இந்தக் காய்கறிப் பாத்தி முட்டுக் கொடுத்ததால், தோட்டத்துக்கும் அது லாபமே.

உரிமையில்லா உழவின் விலை நெருக்கடியில் தெரிந்தது. 1930 முதல் 1932 வரை ரப்பர் விலை சரிந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். சொந்த வயலுள்ள கம்போங் (மலாய்க் கிராம) குடும்பம் மரத்தை விட்டு நெல்லுக்குத் திரும்பலாம். லயத்துக் குடும்பத்துக்குக் கப்பல்தான் வழி. ஜப்பானியர் காலத்தில் மரவள்ளி பயிரிட்டுச் சமாளித்தார்கள், ஆனால் ஆட்களைச் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குப் பிடித்துச் சென்றபோது அதுவும் காக்கவில்லை. 

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, ம.இ.கா. தலைவர் வி. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது பெரிய முயற்சி, மறுப்பதற்கில்லை. ஆயினும் தோட்டத்தை முழுசாகக் காப்பதே அதன் நோக்கம். தொழிலாளிக்குக் கிடைத்தது பங்கு; அவர் உழுத பாத்தியை அது தொடவில்லை. 1971க்குப் பின் விரிந்த கிராம வளர்ச்சித் திட்டங்களும் பெரிதும் கம்போங்கையும் பெல்டா எனும் அரசு நிலக் குடியேற்றங்களையும் நோக்கியே சென்றன. தோட்டம் தனியார் சொத்து என்பதால் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் வருவது நிர்வாகத்தின் விருப்பத்தைப் பொறுத்தே இருந்தது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்ததுதான் தோட்டச் சமூகத்தைக் கலைத்தது என்ற பொதுக் கருத்து பாதி உண்மை. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும், இளங்கன்றை மாடு கடிக்கும் என்று மேய்ச்சலும் தடைப்பட்டது. ஆனால் பயிர் மாறியதாலேயே குடியானவர் ஊரைவிட்டுப் போவதில்லை. பக்கத்துக் கம்போங்கிலும் ரப்பர் மரங்கள் விழுந்தன. குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. வேறுபாடு பட்டாவில்தான்.

பாத்தி சிறிது, அதை வேளாண்மை என்பது மிகை என ஒருவர் மறுக்கலாம். நிலத்தின் அளவை வைத்துப் பார்த்தால் சரி. குடும்பக் கணக்கில் அது வகித்த இடத்தை வைத்துப் பார்த்தால் சரியல்ல. தோட்டத்தின் சம்பளப் புத்தகத்தில் இந்த வரவு இல்லை. புலாவ் செபாங்கிலும் அதே வட்டாரத்துக் காடேக்கிலும் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளுக்கு மாறிய முதியோரிடம், வெளியேறும்போது எத்தனை மாட்டை என்ன விலைக்கு விற்றீர்கள் என்று கேட்டு எழுதி வைப்பது, இன்னொரு சங்க வரலாறு எழுதுவதைவிட அவசரமான வேலை.