கட்டுமானப் பணியிடப் பாதுகாப்புச் சட்டங்களும் மொழியும்

இந்தியாவில் கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்புக் குறித்த சட்டங்களின் வரலாற்றை நோக்கின், இழப்பீடு முந்தியும் தடுப்பு பிந்தியும் வந்தமை புலனாகும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், குறிப்பிட்ட உயரத்திற்கு மேற்பட்ட கட்டடங்களைக் கட்டுவோரையும் இடிப்போரையும் தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. சாரத்திலிருந்து வீழ்ந்தவர்க்கு அச்சட்டம் பொருளுதவிக்கு வழி செய்தது. ஆனால் சாரம் எவ்வாறு கட்டப்பட வேண்டும் என்பதை அது கூறவில்லை.

தடுப்பு விதிகள் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் விரிவாக இடம்பெற்றன. ஆயினும் 'தொழிற்சாலை' என்பதற்கு அச்சட்டம் தந்த வரையறை, உற்பத்தி நிகழும் வளாகத்தையே சுட்டியது. சுரங்கத்திற்கு 1952இலும் துறைமுகத்திற்கு 1986இலும் தனிச் சட்டங்கள் தோன்றின. பணி முடிந்ததும் கலைந்துவிடும் கட்டுமானப் பணியிடத்திற்கு 1996இல்தான் அனைத்திந்தியச் சட்டம் கிட்டியது. சாரம், அகழ்வு, பளுதூக்கி, கட்டட இடிப்பு ஆகியவற்றிற்கான மைய அரசின் விதிகள் 1998இல் வெளிவந்தன.

அதன் பின்னரும் சொற்பொருள் வழக்காடப்பட்டது. தொழிற்சாலைச் சட்டம் பொருந்தும் பணிகள் புதிய சட்டத்தினின்று விலக்கப்பட்டிருந்தன. எனவே, கட்டப்பட்டு வரும் மின்நிலையம் தொழிற்சாலையே என நிறுவனங்கள் வாதிட்டன. உற்பத்தி தொடங்கும் வரை அது தொழிற்சாலை ஆகாது என லான்கோ அன்பரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. ஒரு சொல்லின் எல்லையே அத்தொழிலாளர்க்குரிய சட்டத்தை முடிவு செய்தது.

அறிவிப்பு மொழி பற்றிய விதிகளும் கருதத்தக்கவை. தொழிற்சாலை அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் அமைய வேண்டும் என 1948ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தது. 1998ஆம் ஆண்டு விதிகள் ஊதிய அறிவிப்புக்கு ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு பெரும்பான்மையோர் அறிந்த உள்ளூர் மொழியையும் வேண்டின. உள்ளூர் மொழியே பெரும்பான்மையோர் மொழி என்னும் கருத்து இதில் உட்பொதிந்துள்ளது. பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர் பணிபுரியும் சென்னைக் கட்டடங்களில் இக்கருத்து பொருந்துவதில்லை.

மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல் இரண்டு நிலைகளில் உள்ளது. அடித்தளத்திற்குத் தோண்டும் குழியைத் தமிழ்க் கொத்தனார் 'வானம்' என்பர். 'அகழ்வு' என்னும் கலைச்சொல் சட்ட நூலுக்குப் பொருந்தும்; குழியின் ஓரம் சரியக்கூடும் என எச்சரிக்கும் பலகைக்கு 'வானம்' என்பதே பொருந்தும். ஆயின் தமிழறியாத தொழிலாளிக்கு இவ்விரு சொற்களும் பயன்படா. அவர்க்கு அவர்தம் வட்டாரத் தொழில் வழக்கிலிருந்தே சொல் தேர்ந்தாக வேண்டும்.

1948, 1996 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் உள்ளிட்ட 13 சட்டங்களை ஒருங்கிணைத்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு 2020இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. தொகுப்பு ஒன்றாயினும் பணியிடந்தோறும் தொழிலாளரின் மொழி வேறுபடும். எச்சரிக்கைப் பலகையின் மொழியை மாநில எல்லை கொண்டு வகுத்தல் போதாது. பணியிடத்தின் வருகைப் பதிவேட்டைக் கொண்டு வகுத்தலே தடுப்பு என்னும் நோக்கத்திற்கு இயைவதாகும்.