மரமில்லாத தீவிலிருந்து வந்தவர்களுக்குக் காட்டு வேலை

ஸ்காட்லாந்தின் மல் தீவில் பிஷ்னிஷ் இறங்குதுறையில் பெர்ரி ஏறினால், கால் மணி நேரத்தில் லொக்காலின் என்ற சின்ன ஊருக்குப் போய்விடலாம். ஊரை ஒட்டியிருப்பது லொக் ஆலின். 'லொக்' என்றால் ஏரி என்றுதான் பள்ளியில் சொல்லித் தந்திருப்பார்கள். ஆனால் இது கடல் நிலத்துக்குள் புகுந்து நிற்கும் நீர். வாய்ப்பகுதி மிக ஒடுக்கம், உள்ளே அலை அடங்கிவிடும். அதனால் பாய்மரப் படகுக்காரர்கள் இங்கே நங்கூரம் போட்டு இரவைக் கழிப்பார்கள்.

பார்க்கச் சில இடங்கள் உண்டு. லொக்கின் தலைப்பக்கம் கின்லொக்காலின் கோட்டை நிற்கிறது. கீல் தேவாலயத்தில் மத்தியகாலச் செதுக்குக் கற்கள் இருக்கின்றன. ஊருக்கடியில் ஒரு மணல் சுரங்கம்கூட உண்டு! இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு மணல் வராமல் போனதும், பெரிஸ்கோப் கண்ணாடி செய்ய 1940இல் அதைத் திறந்தார்கள்.

ஆனால் நான் போனது லாராக்பெக் என்ற இடத்திலுள்ள சில வீடுகளைப் பார்க்கத்தான்.

செயின்ட் கில்டா, வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கும் மேற்கே 60 கிலோமீட்டருக்கு அப்பால் அத்திலாந்திக்கில் கிடக்கும் தீவுக்கூட்டம். அங்கிருந்தவர்கள் கேலிக் மொழி பேசினார்கள், செங்குத்துப் பாறைகளில் ஏறிக் கடற்பறவை பிடித்து வாழ்ந்தார்கள். 1852இல் அவர்களில் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். பலர் வழியிலேயே இறந்துபோனார்கள். (மெல்பேர்னில் இருப்பவர்களுக்கு: உங்கள் செயின்ட் கில்டாவின் பெயர் இவர்களால் வரவில்லை, ஒரு கப்பலால் வந்தது.) 1930இன் தொடக்கத்தில் ஓர் இளம்பெண் நோய்ப்பட்டு, நாட்கள் பிந்தியே கிளாஸ்கோவுக்குக் கொண்டுபோகப்பட்டு இறந்தார். அந்த மே மாதம் தீவார் அரசுக்கு மனு எழுதினார்கள்: எங்களை இங்கிருந்து கூட்டிப் போங்கள்.

ஆகஸ்ட் 29ஆம் தேதி, மிஞ்சியிருந்த 36 பேரும் ஹேர்பெல் என்ற கடற்படைக் கப்பலில் ஏறினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பைபிளையும் ஒரு பிடி ஓட்ஸையும் வைத்துவிட்டு வந்தார்கள். நாய்களைக் கொண்டுவர முடியாது. கழுத்தில் கல் கட்டிக் கடலில் விட்டார்கள்.

பெரும்பாலானோர் இறங்கிய இடம் இந்த லொக்காலின்தான். ஆண்களுக்கு அரசு கொடுத்த வேலை என்ன தெரியுமா? வனத்துறை வேலை. செயின்ட் கில்டாவில் ஒரு மரம்கூடக் கிடையாது.

அவர்களே கையெழுத்துப் போட்டு வந்தார்கள், அதனால் இதைத் துரத்தல் என்று சொல்லக்கூடாது என்பார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. மருத்துவர் இல்லை, இளைஞர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள், குளிர்காலத்தில் கப்பல் வராது. அதற்குப் பிறகு போட்ட கையெழுத்து அது. அடுத்த ஆண்டுகளில் சிலர் கோடைகாலத்தில் தங்கள் தீவுக்குத் திரும்பிப் போய் வேலை செய்தார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

லாராக்பெக் வீடுகளில் இப்போது வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள். சாலையிலிருந்தே பாருங்கள், யன்னலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். அந்தக் கப்பலில் வந்தவர்களில் கடைசியாக உயிரோடிருந்தவர் 2016இல், 93 வயதில் காலமானார். கப்பல் ஏறியபோது அவருக்கு 8 வயது.