ஜாமீன் பணமும் ஐந்து புள்ளிகளும்

நீதிமன்றம் என்றதும் நீதிபதியும் வழக்கறிஞரும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்களில் இன்னொருவரும் உண்டு: விசாரணைக்கு முந்தைய சேவை அதிகாரியின் உதவியாளர். பெயர்தான் நீளம், வெளியில் யாருக்கும் அவரைத் தெரியாது. கைதானவர் சொன்ன முகவரி உண்மையா, வேலை உண்மையா, பழைய குற்றப்பதிவு உண்டா என்று சரிபார்க்க அதிகாரிக்கு உதவுவது அவர் வேலை. அந்த அறிக்கையைப் பார்த்துத்தான், விசாரணை முடியும்வரை ஒருவரை வெளியே விடலாமா என்று நீதிபதி முடிவு செய்கிறார்.

இப்படி ஒரு வேலை பிறந்த கதை சுவையானது. 1960ஆம் ஆண்டில் லூயிஸ் ஷ்வைட்சர் என்ற செல்வந்தர் நியூயார்க்கின் புரூக்ளின் தடுப்புக்காவல் சிறையைப் பார்க்கப் போனார். இரசாயனப் பொறியாளர், சிகரெட் தாள் வியாபாரத்தில் சம்பாதித்தவர். உள்ளே மாதக்கணக்கில் அடைபட்டிருந்த இளைஞர்களைப் பார்த்துத் திகைத்துப் போனார். அவர்கள் தண்டனை பெற்றவர்கள் அல்லர். ஜாமீன் பணம் கட்ட வழியில்லாதவர்கள், அவ்வளவுதான்! அன்று அங்கே ஜாமீன் என்றாலே பணம். கையில் இல்லையென்றால் ஜாமீன் முகவரிடம் கட்டணம் கொடுக்க வேண்டும். குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தாலும் அந்தக் கட்டணம் திரும்பி வராது.

ஏழைகளுக்கு ஜாமீன் பணம் கட்ட ஒரு நிதி தொடங்கலாமா என்ற யோசனை முதலில் எழுந்தது. அப்படிச் செய்தால் பணத்தை நம்பும் முறையே நிலைத்துவிடும் என்று அது கைவிடப்பட்டது. என்னைக் கேட்டால், முழுக் கதையிலும் புத்திசாலித்தனமான முடிவு இதுதான். ஷ்வைட்சர் தம் தாயார் பெயரில் வேரா அறநிறுவனத்தைத் தொடங்கினார். ஹெர்பர்ட் ஸ்டர்ஸ் என்ற இளம் பத்திரிகையாளர் அதை நடத்தினார். 1961 அக்டோபரில் மன்ஹாட்டன் ஜாமீன் திட்டம் ஆரம்பமானது.

விசாரித்தவர்கள் யார் தெரியுமா? நியூயார்க் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள். எத்தனை காலமாக இந்த வீட்டில் இருக்கிறாய், குடும்பத்தோடு இருக்கிறாயா, வேலை என்ன என்று கேட்டுப் புள்ளி போட்டார்கள். பிறகு உறவினரையோ முதலாளியையோ தொலைபேசியில் அழைத்து உறுதி செய்தார்கள். ஐந்து புள்ளியும் ஊரில் ஒரு முகவரியும் இருந்தால் பணமில்லாமல் விடுவிக்கலாம் என்று பரிந்துரை போகும். மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 3,500 பேர் இப்படி வெளியே வந்தார்கள். அவர்களில் சொன்ன தேதிக்கு வராமல் போனவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

1966 ஜூனில் ஜாமீன் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்ட அதிபர் ஜான்சன் ஓர் உதாரணம் சொன்னார். ஒருவர் 300 டாலர் ஜாமீன் கட்ட முடியாமல் 54 நாள் சிறையில் கிடந்தார். அவர்மீது இருந்ததோ போக்குவரத்துக் குற்றம். அதற்கு அதிகபட்சத் தண்டனையே ஐந்து நாள்தான்! இதற்கிடையில் அவர் வேலை என்ன ஆகியிருக்கும், வீட்டு வாடகையை யார் கட்டியிருப்பார், யோசித்துப் பாருங்கள்.

1974ஆம் ஆண்டுச் சட்டம் பத்து கூட்டரசு நீதிமன்ற மாவட்டங்களில் இந்தச் சேவையைச் சோதித்துப் பார்க்க வழிவிட்டது. 1982இல் அது நாடெங்கும் விரிந்தது. கைதானவர் இந்த அலுவலகத்தில் சொல்வதைப் பொதுவாக அவர் குற்றவாளி என்று நிரூபிக்கப் பயன்படுத்தக்கூடாது என்ற பாதுகாப்பும் சட்டத்தில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் யார்தான் வாய் திறப்பார்?

1984இல் காற்று திசை மாறியது. சமூகத்துக்கு ஆபத்தானவர் என்று கருதப்படுபவரை விசாரணைக்கு முன்பே அடைத்து வைக்கலாம் என்று புதிய சட்டம் சொன்னது. 1987இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. கதவைத் திறக்க எழுதப்பட்ட அதே விசாரணைத் தாள் கதவை மூடவும் பயன்படத் தொடங்கியது. ஆகவே, உதவியாளர் ஒரு முகவரியைச் சரிபார்க்க மேலும் ஒரு முறை தொலைபேசியை எடுப்பதும் எடுக்காமல் விடுவதும் சின்ன விஷயமல்ல.

2023 செப்டம்பரில் இல்லினாய் மாநிலம் ஜாமீன் பணத்தையே முற்றாக ஒழித்தது. மற்ற பல மாநிலங்களில் ஜாமீன் முகவர்களின் கடைகள் இன்னும் திறந்தே இருக்கின்றன.