ஃபாரடே தேடிய சொற்கள்

ஆனோடு, கேத்தோடு இரண்டில் எது நேர், எது எதிர்? பள்ளியில் தமிழில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலைத் திறக்கும் மாணவர் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மனப்பாடம் செய்தும் தேர்வில் மாற்றி எழுதிவிடுகிறார்கள். நீங்களும் அவர்களில் ஒருவரா? அப்படியானால் இச்சொற்கள் பிறந்த வரலாற்றைக் கேளுங்கள்.

1834-ஆம் ஆண்டு. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே மின்னாற்பகுப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். கரைசலில் அமிழ்த்திய தகடுகளை அந்நாளில் 'துருவங்கள்' என்றனர். காந்தத் துருவம்போல அவை பொருள்களைக் கவர்ந்திழுக்கின்றன என்ற எண்ணம் அச்சொல்லில் ஒளிந்திருந்தது. ஃபாரடே அதை ஏற்கவில்லை. அவை மின்சாரம் நுழையும், வெளியேறும் வாயில்களே என்றார். தவறான சொல் தவறான எண்ணத்தை வளர்க்கும் அல்லவா? ஆகவே புதுச் சொற்கள் தேவைப்பட்டன.

ஆனால் ஃபாரடே கொல்லர் மகன். புத்தகம் கட்டும் கடையில் 7 ஆண்டுகள் தொழில் பயின்றவர். கிரேக்கம் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. தயங்காமல் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல்லுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். சொற்கள் கிடைத்தன.

கிரேக்கத்தில் 'ஹோடோஸ்' என்றால் வழி, 'ஆனோ' மேல், 'காட்டா' கீழ். மின்னோட்டம் கதிரவனைப்போலக் கிழக்கிலிருந்து மேற்கே செல்வதாகக் கொள்ளுங்கள். அது நுழையுமிடம் ஞாயிறு மேலேறும் வழி, ஆனோடு. வெளியேறுமிடம் கீழிறங்கும் வழி, கேத்தோடு. 'அயான்' என்றால் செல்வது. ஆனோடை நோக்கிச் செல்வது ஆனயான். கேத்தோடை நோக்கிச் செல்வது கேட்டயான்.

இனி நம் குழப்பத்திற்கு வருவோம். ஆனோடை 'நேர்மின்வாய்' என்று தமிழில் படித்திருப்பீர்கள். மின்னாற்பகுப்பில் அது சரி. ஆனால் டானியல் மின்கலத்தில் எதிர்முனையான துத்தநாகத் தகடே ஆனோடு! ஏன்? மரபுப்படி மின்னோட்டம் வெளிச்சுற்றில் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு வருகிறது. துத்தநாகத்தின் வழியாகவே மீண்டும் கலத்தினுள் நுழைகிறது. குறி மாறினாலும் 'நுழையும் வழி' என்ற வேர்ப்பொருள் மாறவில்லை. அதைப் பற்றிக்கொண்டால் இரண்டு இடத்திலும் பிழை நேராது.

ஒரு வேரைக் கற்றால் பல சொற்கள் வசமாகும். 1919-இல் தோன்றிய 'டயோடு' என்ற சொல்லுக்கு இருவழி என்று பொருள். 'எபிசோடு' என்பதிலும் அதே வழிதான் இருக்கிறது. ஆனால் எழுத்து ஒத்திருந்தாலே வேரும் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். ஆங்கிலத்தில் 'மோஷன்' என்ற சொல்லின் கடைசி மூன்று எழுத்துகள் அயானைப் போலவே இருக்கும். அது லத்தீன் விகுதி. கிரேக்க அயான் அன்று.

கல்லூரி நூலகத்தில் வேர்ச்சொல் காட்டும் ஆங்கில அகராதி இருக்கும். இன்று 'கேட்டலிஸ்ட்' என்ற சொல்லைப் புரட்டிப் பாருங்கள். 'காட்டா' அங்கேயும் உங்களுக்காகக் காத்திருக்கிறது.