வலிப்பு
கொச்சி மட்டாஞ்சேரியில், மலையாளத்தில் ‘வலிவு’ என்றால் மூச்சிரைப்பு. நம்மவர் காதில் அது வலிப்பாக விழும். வேர் ஒன்றுதான்: வலித்தல், அதாவது இழுத்தல். துடுப்பு வலிப்பதில் நமக்கும் அது மிச்சமிருக்கிறது. மற்றபடி வலி நோவாகிவிட்டது. கால்கை வலிப்புதான் ‘காக்காய் வலிப்பு’ ஆனது என்பார்கள், பாவம், காக்கை! மலையாளத்தில் சுழலி, ஏட்டில் அபஸ்மாரம்: நினைவு நீங்கல். நடராஜர் காலடியில் கிடப்பவனும் அபஸ்மாரன்தான், நமக்கு முயலகன். பெரிய புராணத்தில் கொல்லி மழவன் மகளைப் பிடித்த நோயும் முயலகனே. வலிப்பு வந்தாலும் சிலருக்குக் கைகால் இழுக்காது. பேச்சு நின்று, நினைவு தப்பி, விழித்தபடி இருப்பார்கள். அதற்கு அபஸ்மாரமே நெருக்கம். ஆனாலும் வீட்டில் சொல்ல எனக்கு வலிப்பு போதும்.